காற்றாலைக்கு அடியில் ஒரு நீல ஏப்ரன்

"படத்தை யாரு வாங்கினா?"

"மிஷின் விக்க வந்தவன் ஒருத்தன். கால்கரிக்காரன்."

"பேரு?"

"பேரெல்லாம் யாரு கேட்டா? பிடிச்சிருந்துது, வாங்கிட்டுப் போயிட்டான்."

"என் மூஞ்சி அதுல இருக்கு, வீபெ."

"மூஞ்சி எங்க இருக்கு? முக்காவாசி வானம், மிச்சம் துணி. உன்னை எவனுக்கும் அடையாளம் தெரியாது, பயப்படாதே."

அவ்வளவுதான் பேச்சு. வீபெ தொப்பியை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மாடுகளைப் பார்க்கப் போய்விட்டான். ஹிஸ்கெ கையில் இருந்த உருளைக்கிழங்கை, உரிக்க இனித் தோலே இல்லை என்கிற அளவுக்கு உரித்தாள். அவள் பயப்படவே இல்லை. யாராவது ஒருவருக்கு அடையாளம் தெரியட்டுமே என்றுதான் இருந்தது அவளுக்கு.

அப்போது அவளுக்கு இருபத்தைந்து வயது. இப்போது அறுபத்தொன்பது.

இடையில் கால்கரிக்குப் போன ஒவ்வொரு முறையும் அவள் கண் சுவர்களில்தான் ஓடும். பல் டாக்டரின் ஹால், வங்கி, மகளின் பிரசவத்துக்குப் போன ஆஸ்பத்திரியின் நீண்ட வராந்தா என்று எங்கே ஒரு சட்டம் மாட்டியிருந்தாலும் கிட்டே போய்ப் பார்த்துவிடுவாள். ஒருமுறை தெருவில் போகும்போது யார் வீட்டு ஜன்னலுக்குள்ளோ கழுத்தை நீட்டிவிட்டாள். உள்ளேயிருந்து நாய் குரைத்தது. "என்ன பாக்குற?" என்று வீபெ கையைப் பிடித்து இழுத்தான். "திரைச்சீலை நல்லா இருக்கு" என்றாள்.

அந்தப் படம் எனக்கு வேணும், எப்படியாவது திரும்பக் கொண்டுவா என்று அவள் கணவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவள் வளர்ந்த வீட்டில் காபி நேரத்தில் பிஸ்கட் டின் ஒரு தடவைதான் திறக்கும். ஆளுக்கு ஒன்று. டின் தன் முன்னால் வரும்வரை பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். 'எனக்கு' என்று வாய் திறந்த பிள்ளையைத் தாண்டி டின் அடுத்த பிள்ளையிடம் போய்விடும். ஃப்ரீஸ்லாந்திலிருந்து கடல் தாண்டி ஆல்பர்டாவுக்கு வந்தும் ஹிஸ்கெ அந்த டின் வருமென்றே காத்திருந்தாள்.

அந்தச் சனிக்கிழமை காலை வெஸ்டர்டேல் தேவாலயத்தின் கூடம் தலைகீழாகக் கிடந்தது. வருடாவருடம் வசந்தத்தில் நடக்கிற பெரிய துப்புரவு. நாற்காலிகள் புல்தரையில் வரிசையாக வெயில் காய்ந்தன, திரைச்சீலைகள் கொடியில் தொங்கின, கம்பளங்கள் அடி வாங்கின. இந்த வருடம் துப்புரவுக்கு வெறி பிடித்திருந்தது. காரணம், மதியம் மூன்று மணிக்கு எட்மன்டனிலிருந்து ஓவியக்கூடத்து அம்மாள் வருகிறாள். திங்கட்கிழமை லாரி வருகிறது. வீபெ ஹூக்கெமா வரைந்த படங்களில் அறுபதைத் திரட்டி நகரத்தில் பெரிய கண்காட்சி. அதில் நடுநாயகமாக நிற்கப் போவது இந்தக் கூடத்தின் காற்றாலைப் படம்.

"நம்ம வீபெ! ஃப்ரீஸ்லாந்துல வீட்டுக்கு வெள்ளையடிச்சிக்கிட்டு இருந்தவன்!" என்று அலீடா வோல்ட்ஹுயிஸ் காலையிலிருந்து பத்துத் தடவையாவது சொல்லியிருப்பாள். மாதர் சங்கத் தலைவி அவள். ஹிஸ்கெவுக்கு முன்பே வந்து இறங்கியவள் என்பதால், பிந்தி வந்தவர்கள் எல்லோரும் தன் பொறுப்பு என்பது அவள் எண்ணம். "எங்க கோழிக்கூண்டுக்குப் பெயிண்ட் அடிச்சவன்டீ! அதை வேணும்னா நான் எட்மன்டனுக்கு அனுப்பட்டுமா?"

"அனுப்பு. கோழியோட அனுப்பு" என்றாள் ஹிஸ்கெ. பெண்கள் வாளிகளை வைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

அவர்களுக்கெல்லாம் உள்ளூர ஒரே துள்ளல். ஏனென்றால் வீபெயின் ஆலைப் படம் இல்லாத வீடு அந்த ஊரில் கிடையாது. கப்பலில் வந்து இறங்கி, சர்க்கரை பீட் வயலில் குனிந்து களை பிடுங்கிய காலத்தில், ஊர் நினைப்பு தாங்காதபோது ஜனங்கள் அவனிடம்தான் போனார்கள். "எங்க ஊர்க் கால்வாயை வரைஞ்சு குடு." "எங்கப்பா வீட்டு வாசல்ல இருந்த பாப்லர் மரத்தை வை." அவன் பகலில் வயல் வேலை பார்த்துவிட்டு வரைந்து கொடுத்தான். கால்வாய், ஆலை, பசு, அதன்மேல் படத்தில் முக்கால் பங்குக்கு மேகம். மனிதர்கள் மட்டும் ஒருவர்கூட இல்லை. ஏன் என்று ஓவியக்கூடத்து அம்மாள் தொலைபேசியில் கேட்டதற்கு, "மனுஷங்க அசைஞ்சுக்கிட்டே இருப்பாங்க" என்றானாம். "ஆலையும்தானே சுத்தும்?" என்று அவள் மடக்க, "நான் வரையறப்ப காத்து நின்னுடும்" என்றானாம். அதை அந்த அம்மாள் கண்காட்சிப் புத்தகத்தில் அச்சடித்தே விட்டாள்.

வேலைகளைச் சீட்டுப் போட்டுத்தான் பிரிப்பார்கள். ஹிஸ்கெவுக்கு மேடைச் சுவர் வந்தது. மேடைச் சுவர் என்றால் ஆலைப் படம்.

"பாத்து! இறகுத் துடைப்பத்தால தூசி மட்டும் தட்டு" என்றாள் அலீடா. "நாப்பத்து நாலு வருஷமா அப்படித்தான்."

ஹிஸ்கெ ஏணியில் ஏறினாள். தூசியைத் தட்டினாள். ஆனால் மேகத்தின் கீழ் ஓரத்தில் ஈக்கள் வைத்த கறுப்புப் புள்ளிகள், பக்கத்தில் எந்தக் கல்யாணத்திலோ தெறித்த காபிக் கறை. எட்மன்டன்காரி இதையா பார்ப்பாள்? பெயர் கெட்டால் யார் பெயர் கெடும்? துப்புரவு நாளில் ஒரு கறையைப் பார்த்துவிட்டுச் சும்மா இறங்கிய பெண் அந்தக் கூடத்தில் இதுவரை இருந்ததில்லை. வாளியில் வெந்நீரும் சலவைச் சோடாவும் பச்சை சோப்பும் கலந்து நுரைத்துக்கொண்டிருந்தது. துணியை நனைத்துப் பிழிந்து ஒரு தேய்ப்புத் தேய்த்தாள்.

ஈப் புள்ளிகள் போயின. இன்னொரு தேய்ப்பு. காபிக் கறை போயிற்று. மேகமும் போயிற்று.

பால்போலக் கரைந்து துணியில் வந்தது. பால்தான் அது. அந்தக் காலத்தில் எண்ணெய்ச் சாயம் வாங்கக் காசுக்கு எங்கே போவது? கொழுப்பு நீக்கிய பாலில் சுண்ணாம்பையும் வண்ணப்பொடியையும் குழைத்துத்தான் வீபெ இந்த ஆலையை வரைந்தான் என்பது ஊருக்கே தெரியும். பால் கொடுத்ததே அலீடாவின் மாடுகள்தான். பால் சாயத்தில் சோடாத் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்பதை மட்டும் துப்புரவு வேகத்தில் யாரும் யோசிக்கவில்லை.

"ஐயோ" என்று ஹிஸ்கெ வாய்க்குள் சொன்னாள். துணியை எடுத்துவிட்டுப் பார்த்தாள்.

மேகம் போன இடத்தில் மரப்பலகை தெரியவில்லை. நீலம் தெரிந்தது. உள்ளங்கை அகலத்துக்கு, பளபளவென்று, நேற்று அடித்த எண்ணெய்ச் சாயம்போல நீலம். நீலத்தில் வெள்ளைப் புள்ளிகள். புள்ளிகள் நடுவே சதுரமாக ஒரு ஒட்டுத்துணி, அதில் மட்டும் கோடுகள்.

அவளுக்கு ஏணி ஆடியது. அந்த ஒட்டு அவள் போட்டது. கப்பலில் ஒரு கொக்கியில் மாட்டிக் கிழிந்த ஏப்ரனுக்கு, வீபெயின் பழைய சட்டையில் கத்தரித்துத் தைத்தது.

அவள் இறங்கவில்லை. யாரும் பார்க்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, வேண்டுமென்றே இன்னும் கொஞ்சம் தேய்த்தாள். ஒரு கை வந்தது. சிவந்த விரல்கள் ஒரு கொடிக்கயிற்றை இறுக்கிப் பிடித்திருந்தன. அதற்கு மேலே வெள்ளைப் போர்வையின் ஓரம் காற்றில் உப்பிக்கொண்டு நின்றது.

அந்த நாள் அப்படியே வந்து முன்னால் நின்றது. வாரக்கணக்கில் பனி. கோழிக்கொட்டகையை மாற்றிய ஒற்றை அறை வீட்டுக்குள் ஈரத் துணி நாறிக்கொண்டிருந்தது. ஒரு காலையில் மலைப்பக்கத்திலிருந்து சினூக் என்கிற வெதுவெதுப்பான காற்று அடித்தது. மத்தியானத்துக்குள் பனியெல்லாம் கரைந்து வாசலில் தண்ணீராக ஓடிற்று. மேற்கே மேகம் ஒரு பெரிய வளைவாக எழும்பி, அதன் கீழே வானம் பொன்னாகக் கிடந்தது. விட்டு வந்த ஊரில் யாரும் கண்டிராத வானம்! அவள் போர்வைகளை வாரிக்கொண்டு வெளியே ஓடினாள். காற்று போர்வையோடு சேர்த்து அவளையும் தூக்கப் பார்த்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்திக் கத்திச் சிரித்தாள். வீபெ களஞ்சியத்துக்கு அடித்து மிச்சமிருந்த எண்ணெய்ப் பெயிண்டோடு பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து, "அசையாதே ஃபாம்கெ, அசையாதே!" என்று கத்தினான். அவனுக்கு அவள் எப்போதும் ஃபாம்கெதான், சின்னப் பெண்.

படம் கால்கரிக்குப் போகவே இல்லை. இங்கேயேதான் இருந்திருக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்து இந்தச் சுவரோரம் உட்கார்ந்து காபி குடித்தபோதெல்லாம், அவள் தனக்கு அடியிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறாள்! அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கூடவே கண்ணும் நிறைந்தது.

"ஹிஸ்கெ! அடிப்பாவி! என்ன பண்ணிட்டே!"

அலீடா போட்ட கூச்சலில் வெளியே கம்பளம் அடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் உள்ளே ஓடி வந்தார்கள்.

"மேகத்தைக் கழுவிட்டாளே!"

"இருங்கடீ, உள்ள வேற படம் இருக்கு!"

"அது கையா? யாரு கை?"

"ஹிஸ்கெவோட பழைய ஏப்ரன்தானே அது? எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அந்தக் கோடு போட்ட ஒட்டைப் பாத்து நாம கிண்டல் பண்ணலை?"

எல்லோரும் ஏணியை நெருக்கிக்கொண்டு வந்தார்கள். பிறகு பின்னாலிருந்து ஒரு குரல், "அப்ப என் வீட்டு ஆலைக்கு அடியில யாரு இருக்கா?" என்றது. அவ்வளவுதான், கூடமே கொதித்தது. ஒருத்தி வாளியோடு வீட்டுக்குக் கிளம்பியே விட்டாள். அலீடா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "எவளாவது வீட்டுல சோப்பைத் தொட்டா கைய உடைப்பேன்! முதல்ல வீபெயைக் கூப்பிடுங்க. மூணு மணிக்கு அந்தப் பொம்பளை வந்துடுவா. நாளைக்கு ஞாயித்துக்கிழமை, ஓய்வு நாள், தூரிகையைத் தொடக்கூடாது. இன்னைக்கே சரி பண்ணியாகணும்!"

வீபெ தோட்டத்திலிருந்து மரச்செருப்போடேயே வந்தான். கையில் சாயப்பெட்டி. பின்னாலேயே போதகர் வான் டெல்டன், கழுத்தில் நாப்கினோடு, பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்திருந்தார். வீபெ படத்தைப் பார்த்தான். ஏணிக்குப் பக்கத்தில் ஈரத் துணியோடு நின்ற மனைவியின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

"சரி பண்ண முடியுமா ஹூக்கெமா?" என்றார் போதகர். "இந்த ஆலைக்கு முன்னால நின்னுதான் இந்த ஊர்ல பாதிப்பேர் கல்யாணப் போட்டோ எடுத்திருக்காங்க. நானும்தான்."

"ஒரு கைப்பிடி மேகம்தானே. அரை மணி நேர வேலை" என்றான் வீபெ.

போதகரும் மற்றவர்களும் நாற்காலிகளை உள்ளே கொண்டுவர நகர்ந்தார்கள். வீபெ மேசையில் வெள்ளைச் சாயத்தைக் குழைத்தான். ஹிஸ்கெ மெதுவாகப் போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"கால்கரிக்காரன் நல்லா இருக்கானா?"

வீபெயின் கை நின்றது. "ஹிஸ்கெ..."

"மிஷின் எல்லாம் நல்லா விக்குதாமா?"

"இந்தக் கூடம் திறக்கறதுக்குப் படம் கேட்டாங்க" என்றான் அவன், கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே. "நான் உன்னைத்தான் கொண்டு வந்தேன். சத்தியமா. அப்ப இருந்த போதகரும் சபை மூப்பர்களும் பாத்துட்டு, ஜன்னல் வழியா தெரியறதை எதுக்குச் சுவத்துல மாட்டணும்னு கேட்டாங்க. எங்களுக்கு நாம விட்டுட்டு வந்த ஊரைக் காட்டு, ஊரைக் காட்டுன்னாங்க. அவ்வளவு பெரிய பலகை வேற இல்லை. வாங்க வழியும் இல்லை. அலீடா வீட்டுக் களஞ்சியத்துல உக்காந்து உன் மேலயே ஆலையை வரைஞ்சேன். உன் முகம் இருந்த இடம் வந்தப்ப கண்ணை மூடிக்கிட்டேன்."

"முகம் இல்லைன்னு சொன்னியே. முக்காவாசி வானம்னியே."

"பொய். எல்லாம் பொய். அதுல இருந்த முகத்தை மாதிரி அதுக்கப்புறம் எனக்கு ஒண்ணு அமையலை. அதனாலதான் ஆளே வரையறதில்லை. நீ திட்டுவேன்னு காத்திருந்தேன். நீ ஒண்ணுமே கேக்கலை."

"நீ சொல்லுவேன்னு நானும் காத்திருந்தேன், மடையா."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு பெப்பர்மின்ட்டை எடுத்து, ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தின் நடுவில் எப்போதும் தருவதுபோல, யாரும் பார்க்காமல் அவள் கையில் வைத்தான். அவள் வாயில் போட்டுக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து வெளியே கார் வந்து நின்றது. அலீடா, "சீக்கிரமே வந்துட்டா! மணி ரெண்டுகூட ஆகலை!" என்று அலறினாள்.

ஓவியக்கூடத்து டாரியா முப்பது வயதுக்காரி, உக்ரேனிய வம்சம். நடக்கவே தெரியாது, ஓடத்தான் தெரியும். கையில் புதிதாக அச்சான புத்தகம். அட்டையில் முழுப் பக்கத்துக்கு இந்த ஆலை. "மிஸ்டர் ஹூக்கெமா! பாருங்க, அட்டைப்படம்! விளம்பரப் பலகையிலயும் இதுதான், நகரம் முழுக்க..." என்று வந்தவள் சுவரைப் பார்த்து நின்றாள். ஏணியில் ஏறினாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள்.

"கடவுளே" என்றாள். "இது நம்ம ஆல்பர்டா வெளிச்சம். நீங்க... நீங்க இதை வரைஞ்சிருக்கீங்களா?"

"ஒரு தடவை" என்றான் வீபெ.

"ரெண்டையும் காப்பாத்த முடியாதாம்மா?" என்று போதகர் கேட்டார்.

டாரியா இறங்கி வந்தாள். முகத்தில் சந்தோஷமும் சங்கடமும் மாறி மாறி அடித்தன. "முடியாது சார். மேல இருக்கறது பால் சாயம். கீழ இருக்கறதைப் பாக்கணும்னா ஆலை போயிடும், திரும்ப வராது. நாங்க கேட்டது ஆலை. ஊரெல்லாம் பாக்க வரப்போறது ஆலை. இவருக்குப் பேர் வாங்கித் தரப் போறதும் அதுதான். அந்த மூலையை அவரே மூடிட்டா திங்கட்கிழமை லாரியில ஏத்திடலாம். முடிவு உங்களோடது."

"இதுல முடிவு பண்ண என்ன இருக்கு?" என்றாள் அலீடா. "மூடு வீபெ. ஹிஸ்கெவே அதைத்தான் சொல்லுவா. வாயத் திறந்து ஒண்ணு கேட்டவளா அவ?"

எல்லோரும் ஹிஸ்கெவைப் பார்த்துச் சிரித்தார்கள், அன்பாகத்தான். அவளும் பழக்கத்தில் தலையை ஆட்டப் போனாள். உண்மைதானே? வெள்ளையடித்தவன் என்று ஊர் சொன்ன மனிதனுக்கு எழுபத்திரண்டு வயதில் ஒரு நகரமே நாற்காலி போடுகிறது. அந்தப் பெயரை ஒரு பழைய ஏப்ரனுக்காகக் கழுவி ஊற்றச் சொல்வதா? கல்யாணப் போட்டோக்கள், இழவு வீட்டுக் காபி, போதகரின் கல்யாணம், எல்லாம் அந்த ஆலைக்குக் கீழேதான் நடந்திருக்கிறது.

வீபெ ஏணியில் ஏறினான். ஒவ்வொரு படியிலும் ஒரு நொடி நின்றான். தூரிகையை வெள்ளையில் தோய்த்தான். மேலே நீலத்தில் அந்தச் சிவந்த விரல்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தன. அதற்கு மேலே, ஆலையின் இறக்கைகளுக்குப் பின்னால் எங்கேயோ, ஒரு இருபத்தைந்து வயதுக்காரி வாய் விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஹிஸ்கெவுக்கு அந்தச் சிரிப்பின் சத்தமே கேட்டது.

தூரிகை மேலே போயிற்று. போய், பலகையைத் தொடாமல் நின்றது. வீபெ திரும்பி அவளைப் பார்த்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. அவனும் ஒரு பிஸ்கட் டின்னுக்காகத்தான் இத்தனை வருடம் காத்திருந்திருக்கிறான்.

ஹிஸ்கெ பெப்பர்மின்ட்டைக் கடித்து விழுங்கினாள். வாளியைத் தூக்கினாள். நுரைத் தண்ணீர் தளும்பித் தன் செருப்பில் கொட்டியதைக் கவனிக்கவில்லை. நேராக நடந்து ஏணியடியில் போய், வாளியை டொக்கென்று வைத்து, ஈரத் துணியை அவன் பக்கம் நீட்டினாள்.

"வீபெ, அந்தத் தூரிகையைக் கீழ போடு" என்றாள். கூடத்தின் கடைசி மூலைவரை கேட்டது. "ஆலையைக் கழுவி எடு. எனக்கு என் படம் வேணும்."